உங்களுக்குத் தெரியுமா? கோப்பையும் அவர்களுக்கே, முதல் வீரரும் அவர்களுக்கே!

1982 ஜூனில் என்.பி.ஏ. கூடைப்பந்துக் கோப்பையை வென்ற லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ்தான், அதே மாதம் நடந்த டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் வீரரையும் தேர்ந்தெடுத்தது! வழக்கமாக அது கடைசி இடத்தில் தவிக்கும் அணிக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

● அந்த உரிமை கிளீவ்லேண்ட் கேவலியர்ஸுடையது. 1980-லேயே லேக்கர்ஸிடமிருந்து டான் ஃபோர்டு என்ற வீரரை வாங்கிய பரிமாற்றத்தில் அதைக் கொடுத்துவிட்டார்கள். 1981-82 சீசனில் கிளீவ்லேண்ட் ஆடியது 82 ஆட்டம்; வென்றது 15.

● முதலிடம் யாருக்கு? அப்போதெல்லாம் இரு பிரிவுகளிலும் கடைசியாக வந்த அணிகளுக்கிடையே நாணயம் சுண்டித்தான் முடிவு. மற்றொரு கடைசி அணியான சான் டியாகோ கிளிப்பர்ஸுக்கு அதிர்ஷ்டம் இல்லை.

● லேக்கர்ஸ் எடுத்தது ஜேம்ஸ் வொர்தியை. என்ன ஒரு தேர்வு! 1988 இறுதித் தொடரின் 7-வது ஆட்டத்தில் 36 புள்ளி, 16 ரீபவுண்ட், 10 அசிஸ்ட். தொடர் நாயகனும் அவரே. ஆடிய 12 சீசனும் ஒரே அணிக்கு.

● பின்னர் கிளீவ்லேண்டை வாங்கிய டெட் ஸ்டெபியன், முதல் சுற்றுத் தேர்வுகளை வரிசையாகத் தாரை வார்த்தார். அதனால் வந்ததுதான் ‘ஸ்டெபியன் விதி’: வரும் ஆண்டுகளில் அடுத்தடுத்து இரண்டு டிராஃப்டுகளில் முதல் சுற்றுத் தேர்வே இல்லாமல் போகும்படி எந்த அணியும் பரிமாற்றம் செய்யக் கூடாது.