தனுஷ்கோடி ஸ்டேஷன்: புயலுக்கு முந்தைய கணக்கு

தனுஷ்கோடி என்றால் புயல். 1964 டிசம்பர் 22 இரவு கடல் ஏறியது, பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் வண்டி பயணிகளோடு போயிற்று, வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்தது. எல்லோரும் அறிந்த கதை. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை போட்ட பிறகு, ஸ்டேஷனில் மிஞ்சிய சுவர்களும் தண்ணீர்த் தொட்டியும் படமெடுக்கும் பின்னணியாகிவிட்டன. நான் போனபோதும் கூட்டம்தான். சங்கு விற்கும் மீனவப் பெண் ஒருவர் கேட்டார்: “ஆளில்லாத ஊருங்கிறாங்க, அப்ப நாங்கல்லாம் யாரு?” ‘பேய் நகரம்’ என்ற சுற்றுலாச் சொல்லாடல் இருப்பவர்களையே இல்லாமலாக்கும்போது, போனவர்களை எங்கே நினைவில் வைக்கும்?

இந்த மணல் திட்டுக்கு ரயில் எதற்கு வந்தது? ராமேஸ்வர யாத்திரைக்கு மட்டும் என்றால் ராமேஸ்வரமே போதும். தேயிலைதான் பதில். 1914இல் பாம்பன் பாலம் திறந்தது, தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் ஓடத் தொடங்கியது. ‘போட் மெயில்’ என்று நாம் செல்லமாகச் சொல்லும் வண்டியில் துரைமார் போனார்கள், வியாபாரிகள் போனார்கள். அதே தடத்தில்தான் தலித்துகளும் பிற நிலமற்ற சாதியாரும் கங்காணி பின்னால் போனார்கள். அவர்களை மட்டும் முதலில் மண்டபம் முகாமில் நாள்கணக்கில் அடைத்து வைத்து, அம்மை குத்தி, அப்புறம்தான் கப்பல். 1939இல் இந்திய அரசு தடுக்கும்வரை இது நடந்தது.

இப்போது இரண்டு தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1964 அக்டோபர் 30, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் ‘பிறகு பார்க்கலாம்’. (1974இல் அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.) 1948இல் இலங்கைக் குடியுரிமை மறுக்கப்பட்ட அந்த மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 53 நாள் கழித்துப் புயல். தற்செயல்தான், இதில் குறியீடு தேடுகிற வேலை எனக்குப் பிடிக்காது. ஆனால் இரண்டில் ஒன்றை மட்டும் நாம் ஞாபகத்தில் வைத்திருப்பது தற்செயல் அல்ல. இயற்கையின் சீற்றத்துக்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஒப்பந்தத்தில் இரண்டு பிரதமர்களின் கையெழுத்து இருக்கிறது.

தனுஷ்கோடி வழி மூடிப்போனதால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள். இறங்கியவர்கள் போனது அதே மண்டபம் முகாமுக்கு. 1983க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களும் அங்கேதான். முகாமில் இப்போதும் ஆட்கள் இருக்கிறார்கள். தனுஷ்கோடி பார்க்கப் போகிற வேன்கள் மண்டபத்தைத் தாண்டித்தான் போகின்றன.