உங்கள் முடி கோரையா, நெளியா, சுருட்டையா?

குட்டீஸ், காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் உங்கள் வீட்டிலும் இந்தச் சத்தம் கேட்குமே! “தலையா இது, குருவிக்கூடா?” என்று அம்மா சீப்போடு மல்லுக்கட்டுவார். “ஆ... வலிக்குதும்மா!” என்று நீங்கள் கத்துவீர்கள்.

அடுத்து வகுப்பறை. சுருட்டை முடிக்காரருக்கு ‘நூடுல்ஸ் தலை’ என்று பட்டப்பெயர். கோரை முடிக்காரருக்கு ‘எண்ணெய்த் தலை’. கேலி செய்பவர் ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவார். கேலிக்கு ஆளானவரோ வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று, “எனக்கு மட்டும் ஏன் இப்படி?” என்று தன்னையே கேட்டுக்கொள்வார்.

அந்தக் கேள்விக்கு விடை சீப்பில் இல்லை, எண்ணெய் பாட்டிலிலும் இல்லை. தலைத் தோலுக்கு அடியில் இருக்கிறது. வாருங்கள், பார்ப்போம்.

தோலுக்கு அடியில் ஒரு முறுக்கு அச்சு

தீபாவளிக்கு வீட்டில் முறுக்கு பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். மாவு ஒன்றுதான். ஓமப்பொடி அச்சைப் போட்டால் மெல்லிய இழையாக வரும். ரிப்பன் பக்கோடா அச்சைப் போட்டால் தட்டையாக வரும். அச்சின் துளை எப்படியோ, பலகாரமும் அப்படி.

முடியும் கிட்டத்தட்ட இப்படித்தான். நம் தலையில் சுமார் 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தோலுக்குள் இருக்கும் ஒரு சிறு குழியிலிருந்து முளைக்கிறது. குழி நேராக இருந்து, முடியின் குறுக்குவெட்டு வட்டமாக இருந்தால் முடி கோரையாக வரும். குழி வளைந்து, முடி சற்றுத் தட்டையாக முட்டை வடிவில் இருந்தால் நெளியும், சுருளும். வளைவு கூடக் கூடச் சுருட்டையும் கூடும்.

அந்தக் குழியின் வடிவத்தை முடிவு செய்வது அப்பா, அம்மா வழியாக வந்த மரபணுக்கள். ஒன்று அல்ல, பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை இது. அதனால்தான் அக்காவுக்குக் கோரை முடியும், தம்பிக்குச் சுருட்டை முடியும் அமைவது உண்டு.

இன்னொரு செய்தி. வளரும் பருவத்தில் உடலில் நடக்கும் மாற்றங்களால் முடியின் வடிவமும் மாறலாம். சின்ன வயதில் கோரையாக இருந்த முடி 12, 13 வயதில் நெளியத் தொடங்கினால் பயப்பட வேண்டாம்.

கை கோத்து நிற்கும் கந்தகம்

நம் நகமும் முடியும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. முடிக்குள் இருக்கும் கெரட்டின் இழைகளில் கந்தக அணுக்கள் உண்டு. அவை ஒன்றோடு ஒன்று கை கோத்துக்கொண்டு முடியின் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. இந்தப் பிடி மிகவும் வலுவானது. தண்ணீரோ, எண்ணெயோ, சீப்போ இதைப் பிரிக்க முடியாது.

இன்னொரு பிடியும் உண்டு. அதற்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். இது பலவீனமானது. முடி நனைந்தால் விட்டுவிடும், காய்ந்தால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். ஈரத் தலையில் பின்னல் போட்டுக்கொண்டு தூங்கினால், காலையில் அவிழ்க்கும்போது முடி அலை அலையாக இருக்கிறதே, அது இந்தப் பிடியின் வேலை. மீண்டும் தலைக்குக் குளித்தால் அலை காணாமல் போய்விடும்.

காற்றில் ஈரம் கூடினால் முடி சற்று நீளும். இதை வைத்தே சுவிட்சர்லாந்து அறிஞர் சோசூர் 1783-ல் காற்றின் ஈரத்தை அளக்கும் கருவி பற்றி நூல் எழுதினார். அந்தக் கருவியின் முள்ளை நகர்த்தியது என்ன தெரியுமா? மனிதத் தலைமுடி! மழை நாளில் உங்கள் முடி சிலுப்பிக்கொண்டு நிற்பதற்கும் இந்த ஈரம்தான் காரணம்.

ஞாயிற்றுக்கிழமை சோதனை

தினமும் இரட்டைப் பின்னலோடு பள்ளிக்குப் போகும் தங்கைகளே, பின்னலை அவிழ்த்ததும் தெரிகிற நெளியை நம்பாதீர்கள். அது பின்னல் கொடுத்த நெளி. எண்ணெய் வைத்துப் படிய வாரிய முடியும் உண்மையைச் சொல்லாது. எனவே ஒரு விடுமுறை நாளில் இப்படிச் செய்யுங்கள்.

1. எண்ணெய்ப் பிசுக்குப் போகும்படி ஷாம்புவோ சீயக்காயோ தேய்த்துத் தலைக்குக் குளியுங்கள்.

2. துண்டால் பரபரவென்று துவட்ட வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள்.

3. சீப்பு, எண்ணெய், ரப்பர் பேண்டு, டிரையர் எதுவும் வேண்டாம். தானாகக் காயட்டும். அதுவரை கையை வைக்கக் கூடாது!

4. நன்றாகக் காய்ந்ததும் கண்ணாடியில் பாருங்கள். உச்சி, காதோரம், பின்கழுத்து என மூன்று இடங்களில் முடி எப்படி விழுகிறது என்று நோட்டில் வரைந்துகொள்ளுங்கள்.

கிராப் வெட்டிய தம்பிகளுக்கு ஒரு குறிப்பு. முடி மிகவும் குட்டையாக இருந்தால் வடிவம் தெரியாது. சில சென்டிமீட்டர் வளரும்வரை காத்திருங்கள். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும்.

நீங்கள் எந்த எண்?

அமெரிக்கத் தொலைக்காட்சி நட்சத்திரம் ஓப்ரா வின்ஃப்ரேக்கு முடி அலங்காரம் செய்தவர் ஆண்ட்ரே வாக்கர். இவர் 1990-களில் முடியை 4 வகையாகப் பிரித்து எண் கொடுத்தார். பின்னர் ஒவ்வொன்றையும் ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கும் வழக்கம் பரவியது. சி-க்குப் போகப் போக வளைவு அதிகம்.

வகை 1 - கோரை: வேரிலிருந்து நுனி வரை நேராக விழும்.

வகை 2 - நெளி: ‘எஸ்’ எழுத்தை இழுத்து எழுதியது போல அலை அலையாக இருக்கும்.

வகை 3 - சுருட்டை: சுருள் சுருளாகச் சுற்றிக்கொள்ளும். ஒரு சுருளுக்குள் இரண்டு விரல் நுழைந்தால் 3-ஏ, ஒரு விரல் நுழைந்தால் 3-பி, பென்சில் மட்டும் நுழைந்தால் 3-சி என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

வகை 4 - அடர்சுருள்: பேனா ரீஃபில் அளவுக்குச் சின்னஞ்சிறு சுருள்கள், அல்லது ‘இசட்’ எழுத்துப் போல மடிப்பு மடிப்பாக இருக்கும்.

உச்சியில் 2, பின்கழுத்தில் 3 என்று வந்தால் சோதனை தப்பு என்று நினைக்காதீர்கள். ஒரே தலையில் இரண்டு மூன்று வகை இருப்பது சாதாரணம். இந்த எண்களும் ரேங்க் அல்ல. 1 முதல் இடமும் இல்லை, 4 கடைசி இடமும் இல்லை.

சுருட்டை முடி உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு சுருளை அப்படியே ஸ்கேலால் அளங்கள். பிறகு மெதுவாக இழுத்துப் பிடித்து அளங்கள். முதலில் 10 செ.மீ., இழுத்தால் 15 செ.மீ. என்றால், உங்கள் முடி 5 செ.மீ. நீளத்தைச் சுருட்டி ஒளித்து வைத்திருக்கிறது! “என் முடி வளரவே மாட்டேங்குது” என்று இனி வருத்தப்படுவீர்களா?

உதிர்ந்த முடி ஒன்றை விரல்களுக்கு இடையே உருட்டியும் பாருங்கள். ஒன்றுமே தட்டுப்படாவிட்டால் மெல்லிய முடி. கம்பி போலத் தட்டுப்பட்டால் தடித்த முடி. கோரை முடியும் மெல்லியதாக இருக்கலாம், தடித்தும் இருக்கலாம். சுருட்டைக்கும் அப்படியே.

தெரிந்து என்ன பயன்?

நம் தலைத் தோல் தானே கொஞ்சம் எண்ணெய் சுரக்கிறது. கோரை முடியில் அது சறுக்குமரத்தில் இறங்குவது போல நுனி வரை இறங்கிவிடும். அதனால்தான் கோரை முடி சீக்கிரம் பிசுபிசுக்கும். சுருட்டை முடியில் அந்த எண்ணெய் மலைப்பாதை வளைவுகளைத் தாண்டி நுனிக்குப் போய்ச் சேர்வது கடினம். அதனால் நுனி வறண்டு, சிக்கு விழும். ‘எண்ணெய்த் தலை’, ‘பரட்டைத் தலை’ என்ற இரண்டு கேலிக்கும் காரணம் இதுதான். யாரும் சோம்பேறி அல்ல!

கோரை முடிக்காரர்கள் எண்ணெயைக் குறைத்து, தலையை அடிக்கடி அலசலாம். சுருட்டை முடிக்காரர்கள் காய்ந்த முடியில் சின்னப் பல் சீப்பைப் போட்டு இழுக்கக் கூடாது. முடி ஈரமாக இருக்கும்போது, அகலப் பல் சீப்பால் முதலில் நுனி, பிறகு நடு, கடைசியில் வேர் என்று சிக்கெடுக்க வேண்டும். வலி குறையும். இன்றே அம்மாவிடம் சொல்லுங்கள்!

தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவி, புரதம் வெளியேறுவதைக் குறைக்கும் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. ஆனால் எந்த எண்ணெயும் சுருட்டையைக் கோரையாக்காது. முடியை நேராக்கும் ரசாயனங்கள் கந்தகப் பிடியைப் பிரிக்கின்றன. சிலவற்றால் தோல் வெந்துபோகும், கண் எரியும். இவ்வளவு பட்டும், புதிதாக முளைக்கும் முடி பழையபடி சுருண்டுதான் வரும். அச்சு மாறவில்லையே!

சுருளுக்கும் ஒரு வேலை

ஒரு பொம்மை மனிதனுக்குக் கோரை, நெளி, அடர்சுருள் என்று மூன்று விதமான விக் வைத்து, சூரியனைப் போன்ற விளக்கின் கீழ் விஞ்ஞானிகள் சோதித்தார்கள். முடிவு 2023-ல் வெளிவந்தது. எந்த முடியும் தலைக்குக் குடைதான். ஆனால் வெயில் சூட்டை மிக நன்றாகத் தடுத்தது அடர்சுருள் முடி! வெயில் கொளுத்தும் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஆதி மனிதர்களின் மூளையைச் சுருள் முடி காத்திருக்கலாம் என்கிறார்கள் அவர்கள்.

அதே ஆப்பிரிக்கக் கண்டத்தில், தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் ஒரு பெண்கள் பள்ளி. சுருள் முடியை இயல்பாக விட்டால் ‘ஒழுங்கில்லை’ என்று ஆசிரியர்கள் கண்டிப்பதாகக் கறுப்பின மாணவிகள் குறைபட்டார்கள். 2016 ஆகஸ்டில், உங்களைப் போன்ற அந்த மாணவிகள் ஒன்றுகூடி அமைதியாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மாகாணக் கல்வி அமைச்சர் பள்ளிக்கே வந்து அவர்கள் சொன்னதைக் கேட்டார். முடி பற்றிய விதி நிறுத்திவைக்கப்பட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2019-ல், இயல்பான முடியைக் காரணம் காட்டிப் பள்ளியிலோ வேலையிலோ யாரையும் ஒதுக்கக் கூடாது என்று சட்டமே போட்டது.

சுத்தமாக வைத்துக்கொள்வது நம் பொறுப்பு. சுருள்வதும் நேராக விழுவதும் முடியின் இயல்பு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது, சரியா?

இனி யாராவது “ஏய், நூடுல்ஸ் தலை!” என்று கூப்பிட்டால் அழ வேண்டாம், சண்டையும் வேண்டாம். “என்னுடையது 3-பி. உன்னுடையது எந்த வகை என்று தெரியுமா?” என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை சோதனையை நீங்களே சொல்லிக்கொடுங்கள்!