பென்சிலுக்கு முன்னால்

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது எட்டுமே குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு, எட்டாவதும் எலும்பாக மாறுவதற்குப் பிள்ளைக்குப் பத்து வயது நெருங்கிவிடும். எல்.கே.ஜி. வாசலில் வந்து நிற்கும்போது அதில் பாதி முடிந்திருந்தாலே பெரிது. அந்தக் கையில்தான் பென்சிலைத் திணித்து, பக்கம் முழுக்க 'அ' எழுதச் சொல்கிறோம்.

மதுரை திருநகரில் மழலையர் வகுப்பு எடுக்கிறேன். ஜூனில் பள்ளி திறந்த கையோடு பெற்றோர் என்னைப் பிடித்துக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "என்னங்க மிஸ், நோட்டுல ஒண்ணுமே எழுதக் காணோம்? பக்கத்து வீட்டுப் பிள்ளை நூறு வரைக்கும் எழுதிருச்சு." அவர்கள் கவலை நியாயமானது. ஃபீஸ் கட்டியவர்களுக்குக் கண்ணால் பார்க்க ஏதாவது வேண்டும். ஆனால் இந்த வயதில் நடக்கிற படிப்பில் பெரும்பங்கு நோட்டில் ஏறாது.

'அ'வை ஒருமுறை மெதுவாக எழுதிப் பாருங்கள். சுழிக்க வேண்டும், வளைக்க வேண்டும், குறுக்கே இழுக்க வேண்டும், பிறகு நிமிர்த்திக் கோடு போட வேண்டும். தமிழில் இதைவிட எளிய எழுத்துகள் எத்தனையோ இருக்கின்றன. அதனால் என் வகுப்பில் முதலில் வருவது ட. மேலிருந்து கீழே ஒரு கோடு, பிறகு படுக்கையாக ஒரு கோடு. அதையே மேலே ஏற்றினால் ப. அடுத்து ம. புள்ளி வைக்கத் தெரிந்துவிட்டால் படம், பட்டம், மடம் என்று சொற்களே கைக்கு வந்துவிடும். அகர வரிசையைப் பாட்டாகச் சொல்லட்டும், தாராளமாக. எழுதும் வரிசை வேறாக இருக்கலாம்.

எழுதுவதற்கும் முன்னால் தடவுவது ஒன்று இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் ஒரு உப்புத்தாள் வாங்கி, எழுத்தின் வடிவத்தில் வெட்டி, கெட்டி அட்டையில் ஒட்டுங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து, எழுதுகிற திசையிலேயே அதன்மேல் போய்வரட்டும். வாய் அந்த ஒலியைச் சொல்லட்டும். கண், காது, விரல் மூன்றும் ஒரே எழுத்தை ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும். இது மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறை. 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியவர், 1939இல் சென்னை அடையாறுக்குப் பயிற்சி கொடுக்க வந்தார். உலகப் போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியவில்லை. 1942 முதல் 1944 வரை இதோ நம் பக்கத்துக் கொடைக்கானலில் தங்கி, பிள்ளைகளை உட்கார்ந்து கவனித்தார். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் ஓலையைத் தொடுவதற்கு முன் மணலில் விரலால்தானே எழுதினார்கள்? விஜயதசமியன்று அரிசியில் விரலைப் பிடித்து எழுதவைக்கிறோமே, அது ஒருநாள் சடங்கோடு நின்றுபோகிறது. ஒரு தட்டில் ரவையைப் பரப்பி மறுநாளும் எழுதச் சொல்லலாமே.

வகுப்பில் எனக்குப் பிடித்த சாமான் களிமண். கொலு பொம்மைக்குப் பேர்போன விளாச்சேரி எங்களுக்குக் கூப்பிடு தூரம்தான். பிசைந்து, உருட்டி, கயிறாகத் திரித்து, அந்தக் கயிற்றை வளைத்தே ஒரு எழுத்தைச் செய்யும்போது விரல்களுக்கு ஏறுகிற பலம் எழுத்துப் பயிற்சிப் புத்தகத்தில் ஏறாது.

வீட்டில்? மதுரையில் மல்லிகைப் பூ வாங்காத வீடு குறைவு. சாயங்காலம் உதிரிப்பூ வாங்கி வந்து கட்டுகிற அப்பத்தாவோ அம்மாச்சியோ இருந்தால், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பூ எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, நாரைச் சுற்றி ஒரு இழுப்பு. மறுபடி இரண்டு, இரண்டு. காம்பைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்க வேண்டும். அழுத்தினால் மொட்டு கன்றிப்போகும், தளர்த்தினால் நழுவிவிடும். பென்சிலுக்கு வேண்டிய பிடி அப்படியே இதில் இருக்கிறது. மலர்ந்த பூவை ஒதுக்கி மொட்டை மட்டும் எடுக்கச் சொன்னால் அது தரம் பிரிப்பு, கணக்கின் முதல் பாடம். அப்பத்தா கேட்பார், "இன்னும் எத்தனை வேணும்டா கண்ணு?" வீட்டுப்பாடம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

நூறு வரை ஒப்பிக்கிற பிள்ளையிடம் "அஞ்சு தட்டு எடுத்துட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். கைக்கு வந்ததை அள்ளிவரும் பிள்ளைகள் பலர். ஒன்று, இரண்டு என்று சொல்லத் தெரிவது ஒரு திறமை. ஒரு பொருளுக்கு ஒரு எண் என்று தொட்டு எண்ணுவது வேறு திறமை. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று உணர்வது இன்னொன்று. மூன்றும் ஒரே நாளில் வராது. சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு டம்ளர் வைக்கச் சொன்னால் தானாக வரும். பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறித் திருநகருக்கு வருகிற பிள்ளைகளுக்கு இன்னொரு வசதி. முதல் ஸ்டாப், ரெண்டாவது ஸ்டாப், மூணாவது ஸ்டாப் என்று எங்கள் ஊர் நிறுத்தங்களுக்கே எண்தான் பெயர். எத்தனை என்பதும் எத்தனையாவது என்பதும் வேறு வேறு என்று பஸ்ஸில் வந்தே தெரிந்துகொள்கிறார்கள். கண்டக்டர் சொல்வதற்கு முன் அவர்களைச் சொல்லவிடுங்கள்.

அப்பாக்கள் கேட்பது வேறு. "வீட்லயும் இங்கிலீஷ்லயே பேசணுமா மிஸ்?" வேண்டாம். எந்த மொழியில் உங்களுக்குத் தங்கு தடையில்லாமல் கதை சொல்ல வருமோ அதில் பேசுங்கள். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற பிள்ளை, தெலுங்கு பேசுகிற பிள்ளை எல்லாம் என் வகுப்பில் உண்டு. சொந்த மொழியில் "ஏன்", "அப்புறம்" என்று கேட்டுப் பழகிய பிள்ளை தமிழையும் இங்கிலீஷையும் வேகமாகப் பிடித்துக்கொள்கிறது. கடையில் வாங்குவதைப் பற்றி, வழியில் பார்த்த மாட்டைப் பற்றிப் பிள்ளையோடு பேசுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். பிள்ளை வாக்கியத்தைக் கோத்து முடிக்க நேரமாகும், நாம் நடுவில் முடித்துவைத்துவிடுகிறோம்.

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்துக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் 1 முதல் 3 வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாட்டு, கதை, பொம்மலாட்டம் என்றே போகிறது. அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கே ஆட்டமும் பாட்டும் என்றிருக்க, பணம் கட்டிப் படிக்கும் நாலு வயதுக்கு மட்டும் ஏன் கை வலிக்க எழுத்து? இந்தக் கேள்வியைப் பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டும். நாங்கள் கேட்டால் நிர்வாகத்தின் காதில் ஏறாது. பெற்றோர் கேட்டால் ஏறும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பொறுமை கூடாது. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, நாலு வயதாகியும் கோவையாகப் பேசாத பிள்ளை, படத்தைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடிக்கிற பிள்ளை, இவர்களை "போகப் போகச் சரியாகிரும்" என்று விடாதீர்கள். கவனமே இல்லை என்று திட்டு வாங்கிய பிள்ளை கண்ணாடி போட்ட பிறகு முன் வரிசையில் எல்லோருக்கும் முந்திப் பதில் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். அங்கன்வாடிப் பிள்ளைகளைச் சோதிக்க அரசின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை வர வேண்டும் என்பது 2013 முதல் நடப்பில் உள்ள திட்டம். தனியார் பள்ளியில் சேர்த்தவர்கள் தாங்களாகத்தான் அழைத்துப் போக வேண்டும். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கிறது. யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கிற அந்த மே மாதத்திலேயே கண்ணையும் காதையும் பார்த்துவிடுங்கள். டாக்டர் சொன்னதை முதல் நாளே வகுப்பு ஆசிரியையிடம் சொல்லுங்கள், பிள்ளையை எங்கே உட்காரவைப்பது என்று எங்களுக்குத் தெரியும்.