எண்ணெய் தேடிய கணக்கும் ஷெரின் குரலும்

பாடத் தெரியாதவர்களையெல்லாம் பாடகர்களாக்கி இசையைக் கெடுத்தது பாடகி ஷெர் பாடிய ‘பிலீவ்’ பாடல்தான் என்று ஒரு பேச்சு உண்டு. 1998 அக்டோபரில் வெளிவந்த அந்த சிங்கிள்மீது ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தப் பழி அநியாயமானது. ஷெருக்கா பாடத் தெரியாது? 1965-லேயே துணைவர் சன்னியுடன் பாடி அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தவர் அவர். கனத்து இறங்கும் அந்தக் கீழ்ஸ்தாயிக் குரலை ஒரு வரி கேட்டாலே யாரென்று தெரிந்துவிடும்.

பாட்டு லேசில் அமைந்துவிடவில்லை. பல்லவி எல்லோருக்கும் பிடித்திருந்தது; சரணம்தான் படுத்தியது. மாற்றி மாற்றி எழுதியதில் பாடலாசிரியர்கள் பட்டியலில் ஆறு பெயர்கள் சேர்ந்தன. அதற்குப் பிறகும் சரணம் சப்பென்றே இருந்தது. லண்டனில் தயாரிப்பாளர்கள் மார்க் டெய்லரும் பிரையன் ராலிங்கும் அப்போது கையிலெடுத்ததுதான் ஆட்டோ-டியூன்.

அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டெபிராண்ட், எண்ணெய் நிறுவனங்களுக்காக வேலை பார்த்தவர். பூமிக்குள் அதிர்வுகளை அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியை அலசி எங்கே எண்ணெய் இருக்கிறது என்று கணிக்கும் கணிதம் அவருடைய துறை. அதே கணிதத்தைக் குரலுக்குப் பொருத்தி, சுருதி விலகும் இடத்தைக் கண்டுபிடித்துத் திருத்தும் மென்பொருளை 1997-இல் வெளியிட்டார். திருத்தம் எவ்வளவு வேகமாக நடக்க வேண்டும் என்பதை அதில் நாமே வைத்துக்கொள்ளலாம். நிதானமாக வைத்தால் கேட்பவருக்குத் தெரியவே தெரியாது. பூஜ்யத்தில் வைத்தால் குரல் அந்தக் கணமே அடுத்த சுரத்துக்குத் தாவிவிடும். பூஜ்யத்தை யாரும் தொடமாட்டார்கள் என்றுதான் ஹில்டெபிராண்டே நினைத்திருந்தார்.

டெய்லர் தொட்டார். சரணத்தைக் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்: சுரத்திலிருந்து சுரத்துக்கு மனிதக் குரல் வழுக்கிப் போகும் வழியே அங்கே இல்லை. ஆர்மோனியக் கட்டையில் கமகம் பிடிக்காததுபோல், குரல் படிப்படியாக வெட்டிவெட்டிப் போகிறது. காதலன் கைவிட்டுப் போன பெண் பாடும் பாட்டு இது. உடைந்துபோனவளின் குரலுக்கு அந்த வெட்டு எவ்வளவு பொருந்துகிறது! பல்லவி வந்ததும் பெரும்பாலும் ஷெரின் சொந்தக் குரலே திறந்துகொண்டு எழுகிறது. உடைந்தவள் நிமிர்வதை இசையே சொல்லிவிடுகிறது. குறையை மறைக்கிற வேலையா இது?

அந்த ஓசையை எடுத்துவிடச் சொன்னது ரெக்கார்டு கம்பெனி. ஷெர் முடியவே முடியாதென்று நின்றார். தயாரிப்பாளர்களோ தொழில் ரகசியம் வெளியே போய்விடக் கூடாதென்று, வேறொரு கருவியின் பெயரைச் சொல்லிப் பத்திரிகையாளர்களைத் திசைதிருப்பினார்கள். 1999 மார்ச்சில் ‘பிலீவ்’ பில்போர்டில் முதலிடத்துக்கு வந்தபோது ஷெருக்கு வயது 52. அதற்கு முன் அவர் அந்த இடத்தில் இருந்தது 1974-இல். பள்ளிப் பிள்ளைகளுக்காகவே பாப் இசை தயாரான காலத்தில், கால் நூற்றாண்டு இடைவெளியைத் தாண்டி வந்த வெற்றி இது.

பிறகு, 2005-இல் அறிமுகமான பாடகர் டி-பெயின், பாட்டுக்குப் பாட்டு அந்தப் பூஜ்யத்தையே தன் முத்திரையாக்கிக்கொண்டார். அவருக்கும் அதே ஏச்சு விழுந்தது. 2014-இல் அமெரிக்காவின் என்.பி.ஆர். வானொலி அலுவலகத்தில், ஒரேயொரு கீபோர்டு துணையோடு, ஆட்டோ-டியூன் இல்லாமல் பாடினார். சுருதி சுத்தமான, இழைந்து குழையும் குரல். ஏசியவர்களில் பலர் அன்றுதான் அவரை முதன்முதலாகக் கேட்டார்கள்.