விண்வெளிப் போர்ப் புனைகதையும் அந்நியர் அச்சமும்

போரைப் பாடிய பழந்தமிழர் அதனை வீரச் செயலாக மட்டும் நோக்கினாரல்லர். அதன் காரணத்தையும் வினவினர். ஆநிரை கவர்தல் வெட்சி. மண்ணாசையாற் பிறர் நாட்டின்மேற் செல்லுதல் வஞ்சி. அரணை முற்றுதல் உழிஞை. வலிமையே பொருளாக எதிர்நின்று பொருதல் தும்பை. உலகின் நிலையாமையை உணர்த்துவது காஞ்சி எனத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்துக் காட்டும். போர் எதனால் எழுகின்றது என்னும் அப்பழைய வினா, இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்த ஒரு புதுவகைப் போரிலக்கியத்துக்கும் பொருந்துவதாகும். கோளுக்கும் கோளுக்கும் இடையே மூளும் போரையும், வேற்றுலக உயிர்களால் நேரும் அபாயத்தையும் பொருளாகக் கொண்ட விண்வெளிப் புனைகதையே அவ்விலக்கியம். அது வெறும் பொழுதுபோக்குத்தானா, அன்றிக் கற்றோர் கருத்திற் கொள்ளத்தக்கதா என்பதை, இலங்கையைத் தம் இல்லமாக்கிக் கொண்ட ஆதர் சி. கிளார்க்கின் நாவலொன்றை முன்வைத்து ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பிறப்பும்

இவ்வகைக் கதையை ஆங்கிலத்தில் 'ஸ்பேஸ் ஓபரா' என்பர். ஓபரா என்பது இசைநாடகம். எனினும் இப்பெயர் பாராட்டாக இடப்பட்டதன்று. அமெரிக்க வானொலியிற் சவர்க்கார வணிகரின் ஆதரவில் நடந்த தொடர்நாடகங்களைச் 'சோப் ஓபரா' என்றும், குதிரைவீரரைக் காட்டும் மலிவான படங்களைக் 'குதிரை ஓபரா' என்றும் எள்ளுவது அந்நாட்டு வழக்கம். அதனைப் பின்பற்றி 1941ஆம் ஆண்டில் வில்சன் டக்கர் என்னும் எழுத்தாளர் இப்பெயரைப் படைத்தார். அதற்கு முன்னரே, 1928இல், ஈ. ஈ. சிமித் என்பாரின் 'ஸ்கைலார்க் ஒவ் ஸ்பேஸ்' என்னும் தொடர்கதை அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் வெளிவந்து இவ்வகைக்கு வழிகாட்டியாயிற்று. பெருங்கலங்கள், அழிவுக் கதிர்கள், தோல்வியறியாத தலைவன், இரக்கமறியாத பகைவன் என்பனவே இத்தகைய கதைகளின் உறுப்புகள்.

தமிழில் இதனை 'விண்வெளிக் கூத்து' என்று வழங்கினால், மட்டக்களப்பு நாட்டு வடமோடிக் கூத்தைக் கண்டோர்க்கு அதன் பொருத்தம் எளிதில் விளங்கும். அங்கும் அரசர் வரவு ஆடிச் சபைக்கு வருவர், வீறுபேசுவர், போர் மூளும். ஆயினும் நல்ல கூத்தைக் கண்டு வீடு திரும்புவோன் நெஞ்சில் நிற்பது வாளின் ஒலியன்று. அப்போர் தவிர்க்கப்பட்டிருக்கலாகாதா என்னும் ஏக்கமே. விண்வெளிக் கதைகளுள்ளும் அவ்வேக்கத்தை எழுப்புவன சில உள.

அந்நியர் யாவர்?

வேற்றுலகப் படையெடுப்பை முதன்முதல் உலகறியக் கூறியவர்களுள் தலையாயவர் எச். ஜி. வெல்ஸ். 1898இல் நூலாக வெளிவந்த அவருடைய 'உலகங்களின் போர்' என்னும் நாவலிற் செவ்வாய்க் கோளினர் வெப்பக் கதிரோடு இங்கிலாந்தில் இறங்குகின்றனர். அந்நாட்டின் படைவலி அவர்கள்முன் பயன்படவில்லை. ஈற்றில், மனிதர்க்குப் பழகிப்போன நுண்கிருமிகளே அவர்களைக் கொன்றொழிக்கின்றன. இக்கதையின் தொடக்கத்திலேயே, ஐரோப்பியக் குடியேறிகளால் தஸ்மேனியப் பழங்குடிகளுக்கு நேர்ந்த அழிவை வெல்ஸ் நினைவூட்டுகின்றார் என்பது நோக்கற்பாலது. ஆகவே, அச்செவ்வாய்க் கோளினர் முற்றிலும் கற்பனைப் படைப்பல்லர். குடியேற்றவாதத்தின் முகத்தை அதற்கே காட்டிய கண்ணாடி எனலாம்.

அக்கண்ணாடியின் மறுபக்கத்தில் நின்றவர் இலங்கைக் கரையோர மக்கள். 1505இல் இத்தீவுக்கு வந்த போர்த்துக்கேயர் பின்னர் ஆதிக்கம் பெற்று, பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருகோணமலைக் கோணேசர் ஆலயத்தை இடித்தனர். அக்காலத்திலேயே தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். அவ்வாறு வெளியேற்றப்பட்டோருள் 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என்பது குவைறோஸ் பாதிரியாரின் வரலாற்று நூலால் அறியப்படுகின்றது.

ஒரே காலத்தில் அந்நியர் இருவகையாக வந்தமை இவ்வரலாற்றாற் பெறப்படும். ஒரு சாரார் பீரங்கியோடு வந்தனர்; மறுசாரார் புகலிடம் நாடி வந்தனர். முன்னவரை அஞ்சுதல் அறிவுடைமை; பின்னவரையும் அதே அச்சத்தோடு நோக்குதல் பேதைமை. இவ்விரண்டையும் பிரித்தறிவதே ஒரு சமுதாயத்துக்கு வரும் சோதனை. தரமற்ற விண்வெளிக் கதை வருவோரெல்லாம் பகைவர் என்று கற்பிக்கின்றது. தரமான கதையோ பிரித்தறியப் பயிற்றுகின்றது.

கிளார்க்கும் 'புவியொளி'யும்

1917இல் இங்கிலாந்திற் பிறந்த கிளார்க், இரண்டாம் உலகப் போரில் விமானப்படையின் ராடார்ப் பிரிவிற் பணியாற்றியவர். புவியோடு ஒத்துச் சுழலும் செய்மதிகளால் உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்பதை 1945இலேயே விளக்கி எழுதினார். 1956இல் இலங்கைக்கு வந்து குடியமர்ந்து, 2008 மார்ச் 19ஆம் நாள் கொழும்பிற் காலமாகும் வரை இத்தீவையே உறைவிடமாகக் கொண்டார். வந்த ஆண்டிலேயே நண்பர் மைக் வில்சனோடு திருகோணமலைச் சுவாமிமலையின் அடியிற் கடலுள் மூழ்கி, இடிக்கப்பட்ட கோணேசர் ஆலயத்தின் தூண்களையும் கற்களையும் கண்டார். 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் விளங்கினார்.

அவர் 1955இல் வெளியிட்ட 'ஏர்த்லைட்' என்னும் நாவல் கோளிடைப் போரைப் பொருளாகக் கொண்டது. புவியிற் பட்டுத் தெறித்துச் சந்திரனின் இரவை விளக்கும் ஒளியே இப்பெயராற் குறிக்கப்படுகின்றது. ஆதலின் 'புவியொளி' எனத் தமிழாக்கலாம்.

கதை ஏறக்குறைய இரு நூற்றாண்டுகட்குப் பின் நிகழ்வது. செவ்வாய், வெள்ளி முதலிய கோள்களிலும், வியாழன், சனி ஆகியவற்றின் துணைக்கோள்களிலும் குடியேறிய மக்கள் ஒரு கூட்டாட்சியை அமைத்துள்ளனர். அவர்களுடைய தொழில்களுக்குப் பாரமான உலோகங்கள் வேண்டும். அவையோ பெரும்பாலும் புவியின் கையில் உள்ளன. சந்திரனின் ஆழத்திற் புதிய உலோகச் சுரங்கம் ஒன்றைப் புவி மறைத்து வைத்திருக்கின்றது என்ற ஐயம் கூட்டாட்சிக்கு எழுகின்றது. சந்திரனிலுள்ள வானாய்வு நிலையத்திலிருந்து செய்திகள் கசிகின்றன என்ற ஐயம் புவிக்கு எழுகின்றது. ஒற்றனைக் கண்டறியுமாறு சாட்லர் என்னும் கணக்காளர், நிலையத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்ய வந்தவர்போல் அங்கு அனுப்பப்படுகின்றார்.

ஈற்றிற் போர் மூள்கின்றது. சந்திரனில் மறைவாக அமைந்த புவியின் அரணைக் கூட்டாட்சியின் மூன்று போர்க்கலங்கள் தாக்குகின்றன. அரண் அழிகின்றது, இரு கலங்கள் ஒழிகின்றன, மூன்றாவது பழுதுற்று விண்வெளியில் அலைகின்றது. அப்பொழுது புவியிலிருந்து புறப்பட்டுச் சென்ற 'பெகாசஸ்' என்னும் பயணிகள் கலம் அதனை நெருங்குகின்றது. பகைவர் கலத்தின் மாலுமிகள் காப்புடையின்றியே காற்றற்ற வெளியை ஒரு நொடிப்பொழுதிற் கடந்து அக்கலத்தை அடைந்து உயிர்தப்புகின்றனர். அவ்வொரு சமரோடு போரும் ஓய்ந்து இணக்கம் ஏற்படுகின்றது.

நாவல் உணர்த்தும் பொருள்

இதனைப் புறத்திணை நோக்கில் ஆராயின், காரணத்தால் வஞ்சியாகவும், நிகழ்ச்சியால் உழிஞையாகவும், முடிவாற் காஞ்சியாகவும் அமைதல் காணலாம். தும்பைக்குரிய வலிமைச் செருக்கு இங்குத் தலைமை பெறவில்லை. கொடியவர் என்று சுட்டத்தக்க பகைவரும் இதில் இல்லை. இரு சாராரும் மனிதரே. ஒரே புவியின் வழிவந்தோரே. சில தலைமுறைகள் வேறு நிலத்தில் வாழ்ந்தமையால் ஒருவர்க்கொருவர் அந்நியராயினர்.

போருக்குக் காரணமாக ஆசிரியர் காட்டுவன இரண்டு. ஒன்று, பொருள் ஓரிடத்திற் குவிந்து மற்றோரிடத்தில் இல்லாமை. மற்றொன்று, மறைத்தல். கூட்டாட்சியின் ஐயம் முற்றிலும் பொய்யன்று. புவி உண்மையாகவே மறைத்தது. மறைத்தல் ஐயத்தை வளர்க்க, ஐயம் மேலும் மறைக்கத் தூண்டுகின்றது. நிலையத்திலுள்ள ஒவ்வொருவரையும் ஐயுற்று நோக்கும் சாட்லரின் மனநிலை, இரு உலகங்களின் மனநிலைக்கும் ஓர் உருவகமாகவே அமைந்துள்ளது. அவர் தேடிய ஒற்றன் ஒரு மதிப்புக்குரிய வானியற் பேராசிரியர் என்பது பல்லாண்டுகட்குப் பின்னரே அவர்க்குத் தெரியவருகின்றது.

அறிவியல் உண்மையை விட்டு விலகாமை இந்நாவலின் மற்றொரு சிறப்பு. மலிவான கதைகளில் விண்வெளியிற் கதிர்கள் ஒளிக்கோடுகளாகப் பாய்வதைக் காண்கிறோம். காற்றும் தூசியும் இல்லாத இடத்தில், பக்கத்திலிருந்து நோக்குவோன் கண்ணுக்கு ஒளிக்கற்றை புலப்படாது. சந்திர அரணிலிருந்து பாய்ந்த ஒளித்தூணை இரு வானியலாளர் காண்பதாக எழுதிய கிளார்க், அது கதிரன்று, காந்தப் புலத்தாற் செலுத்தப்பட்ட உருகிய உலோகத் தாரை என்று காரணம் காட்டுகின்றார்.

அவருடைய சிறுகதைகளும் இந்நோக்குக்குத் துணைசெய்வன. 1951இல் வெளிவந்த 'மேம்பாடு' என்னும் பொருள்படும் தலைப்புடைய கதையில், சிறந்த படைக்கலங்களை உடைய தரப்பே விண்வெளிப் போரில் தோற்கின்றது. புதியன புதியன என்று ஆய்வுக்கூடத்தை நம்பி, கைவசமிருந்ததைக் கைவிட்டமையே அத்தோல்விக்குக் காரணம். 1946இல் வெளிவந்த 'மீட்புக் குழு' என்னும் பொருளுடைய கதையில் வேற்றுலகத்தார் புவியை அழிக்க வரவில்லை. ஞாயிறு வெடித்து அழியவிருக்கும் வேளையில் மனிதரைக் காப்பாற்றவே விரைந்து வருகின்றனர்.

கற்பனையும் நடப்பும்

இவையெல்லாம் கற்பனைதானே என்று கூறுவோர் உளர். ஆயின் நாவல் வெளிவந்து 12 ஆண்டுகளில், 1967இல், உலக நாடுகள் விண்வெளி உடன்படிக்கையை ஏற்படுத்தின. சந்திரனிலோ பிற கோள்களிலோ எந்நாடும் இறைமை கோரலாகாது. அங்குப் படைத்தளமோ அரணோ அமைத்தலாகாது என்பன அதன் விதிகளுட் சில. கிளார்க் கற்பனையிற் கண்ட சந்திர அரண், சட்டத்தால் விலக்கப்பட்டதாயிற்று.

பொருளைப் பங்கிடும் வினாவோ இன்னும் தீர்ந்தபாடில்லை. சந்திரனின் இயற்கை வளம் மனிதகுலத்தின் பொதுச் சொத்து என்று 1979ஆம் ஆண்டு உடன்படிக்கை கூறிற்று. ஆயினும் அமெரிக்கா, ரஷ்யா, சீனா ஆகியவை அதில் இணையவில்லை. விண்ணில் அகழ்ந்தெடுக்கும் பொருள் அகழ்ந்தவர்க்கே உரியது என 2015இல் அமெரிக்கா தன் குடிகளுக்குச் சட்டம் இயற்றிற்று. இந்தியாவின் சந்திரயான்-3 கலம் 2023 ஆகஸ்ட் 23ஆம் நாள் இறங்கிய சந்திரனின் தென்துருவப் பக்கத்தை இன்று பல நாடுகளும் நாடுவதற்கு, அங்கு உறைந்துள்ள நீர் ஒரு முக்கிய காரணமாகும்.

பொதுச் சொத்து என்னும் இக்கொள்கையை ஆழ்கடலின் அடித்தளத்தைப் பொறுத்து நிலைநாட்ட உழைத்தவர்களுள் இலங்கையர் ஒருவரும் உளர். ஷேர்லி அமரசிங்க என்னும் அவ்விராசதந்திரி, ஐக்கிய நாடுகளின் மூன்றாவது கடற்சட்ட மாநாட்டுக்கு 1973 முதல் 1980இல் இறக்கும் வரை தலைவராயிருந்தார். விண்வெளிக்குக் கலம் செலுத்தும் வலிமையில்லாத நாடும், நீதிக்குக் குரல் கொடுக்கும் வலிமை உடையது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

அண்டை அந்நியர்

அந்நியர் அச்சம் விண்ணிலிருந்துதான் இறங்கவேண்டும் என்பதில்லை. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில், முஸ்லிம் உணவகமொன்றின் உணவிற் கருத்தடை மருந்து கலந்திருந்தது என்றொரு வதந்தி பரவிற்று. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரசாங்கப் பகுப்பாய்வாளர் அவ்வுணவைச் சோதித்தபோது கண்டது வெறும் மாவுக் கட்டியே. நாவலில் வரும் புவியரசு மறைத்ததால் ஐயம் எழுந்தது. இங்கு மறைத்தார் எவருமில்லை. வினவி அறியும் பொறுமை மட்டுமே இல்லாதிருந்தது. உணவைச் சோதிக்க வேண்டிய காலம் தாக்குதலுக்கு முந்தியதன்றோ?

அட்டாளைச்சேனை முதற் கல்முனை ஈறாகவும் அதற்கு அப்பாலும், இக்கடற்கரையில் முஸ்லிம் ஊரும் தமிழூரும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. வயலும் வாய்க்காலும் சந்தையும் பொதுவானவை. 'பிட்டும் தேங்காய்ப்பூவும் போல' என்பது இவ்வுறவுக்குக் கிழக்கிலங்கை மக்கள் கூறும் உவமை. 2009இல் முடிவுற்ற நீண்ட போரின் காலத்தில் இவ்வுறவும் காயமுற்றது. ஓரூரார்க்கு அடுத்த ஊர் வேற்றுக் கோள்போல் தோன்றிய நாள்கள் இருந்தன. அவ்வூர்களின் இளைஞர் விண்வெளிக் கதைகளைப் படிக்கும்பொழுது, யார் வென்றார் என்று மட்டும் கேளாது, யார் மறைத்தார், யார் வினவாது நம்பினார், யார் பகைவர்க்குக் கதவு திறந்தார் என்றும் கேட்பாராயின், அக்கதைகள் பாடநூலுக்கு நிகரான பயன் தரும்.

1971இற் சந்திரனில் இறங்கிய அப்பல்லோ-15 கலத்தின் வீரர்கள், தாம் கண்ட பள்ளமொன்றுக்கு 'ஏர்த்லைட்' என்று கிளார்க்கின் நாவற் பெயரையே சூட்டினர். அவர்கள் போர்க்கலத்திற் சென்றாரல்லர். கற்களைச் சேகரித்து ஆராயச் சென்றனர். சந்திரனில் நின்று நோக்குவோர்க்குப் புவி ஒன்றே. அதன் ஒளியும் ஒன்றே. அங்கிருந்து நோக்கின் எல்லைக்கோடுகள் புலப்படா. இங்கிருந்து நோக்குவோர் அவற்றைத் தாண்டி அயலாரை வினவி அறிதலே, விண்வெளிக் கூத்துகளுள் நல்லன நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.