இணைகரத்தின் நான்காம் முனை

வடிவவியலில், ஓர் இணைகரத்தின் மூன்று முனைகள் தரப்பட்டிருக்கும்போது எஞ்சிய முனையைக் கண்டறிவது அடிப்படைக் கணக்குகளுள் ஒன்றாகும். திசையன்களைப் (காவிகள்) பயன்படுத்தினால் இக்கணக்கு ஒரு கூட்டலிலும் ஒரு கழித்தலிலும் முடிந்துவிடும். ஆனால் முனைகளின் வரிசை தரப்படாவிட்டால் விடை ஒன்றல்ல, மூன்று ஆகும்.

அடிப்படைக் கருத்து

திசையன் என்பது பருமனும் திசையும் உடைய கணியமாகும். ஒரு புள்ளியிலிருந்து மற்றொரு புள்ளிக்குச் செல்லும் இடப்பெயர்ச்சி இதற்கு எளிய எடுத்துக்காட்டு. பருமனும் திசையும் ஒன்றாக இருந்தால், எங்கிருந்து தொடங்கினாலும் இரு திசையன்கள் சமமானவையே. இத்தாலியக் கணிதவியலாளர் ஜியுஸ்தோ பெல்லாவித்திஸ் (1803–1880), கோட்டுத்துண்டுகளுக்கு இடையிலான இத்தகைய சமத்தன்மையை அடிப்படையாகக் கொண்டு ஒரு கணிப்பு முறையை உருவாக்கினார்.

இணைகரத்தின் எதிர்ப்பக்கங்கள் இணையாகவும் சம நீளமுடையனவாகவும் உள்ளன. எனவே க, ச, த, ப என்ற வரிசையில் முனைகள் சுற்றி அமைந்த இணைகரத்தில், க-விலிருந்து ச-வுக்குச் செல்லும் திசையனும் ப-விலிருந்து த-வுக்குச் செல்லும் திசையனும் சமம் ஆகும்.

வாய்பாடு

ஆதிப்புள்ளியிலிருந்து ஒரு புள்ளிக்கு வரையப்படும் திசையன் அப்புள்ளியின் நிலைத்திசையன் எனப்படும். இங்கு ஒவ்வொரு முனையின் நிலைத்திசையனும் அம்முனையின் எழுத்தாலேயே குறிக்கப்படுகிறது.

ச − க = த − ப
ஃ ப = க + த − ச

அதாவது, தேடப்படும் முனைக்கு அடுத்துள்ள இரு முனைகளையும் கூட்டி, எதிரேயுள்ள முனையைக் கழிக்க வேண்டும்.

முதல் சமன்பாட்டை மாற்றி எழுதினால் ப − க = த − ச எனக் கிடைக்கும். ஆகவே ஒரு சோடி எதிர்ப்பக்கங்களைச் சமப்படுத்தினாலே போதும். மற்றைய சோடி தானாகவே பொருந்திவிடும்.

எடுத்துக்காட்டு

க (1, 2), ச (5, 3), த (6, 7) எனில்,

ப = (1 + 6 − 5, 2 + 7 − 3) = (2, 6)

இணைகரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமக் கூறிடும் என்ற பண்பைக் கொண்டு இவ்விடையைச் சரிபார்க்கலாம். மூலைவிட்டம் கத-வின் நடுப்புள்ளி (3.5, 4.5). மூலைவிட்டம் சப-வின் நடுப்புள்ளியும் அதுவே.

திசையைத் தவறாக எடுத்து ச − க = ப − த என எழுதுவது பொதுவாக நேரும் பிழையாகும். அப்போது கிடைக்கும் (10, 8) என்ற புள்ளியும் ஓர் இணைகரத்தை அமைக்கும். ஆனால் அது கசதப அன்று. க, ச, த, ப என்ற வரிசையில் இணைத்தால் இரு பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்.

மூன்று விடைகள்

வரிசை தரப்படாதபோது மூன்று புள்ளிகளில் எதுவும் எதிர்முனையாக இருக்கலாம்.

க + த − ச = (2, 6)
க + ச − த = (0, −2)
ச + த − க = (10, 8)

இம்மூன்று புள்ளிகளையும் இணைத்தால் ஒரு பெரிய முக்கோணம் கிடைக்கும். க, ச, த ஆகியவை அதன் பக்கங்களின் நடுப்புள்ளிகளாக அமையும். பெரிய முக்கோணத்தின் பரப்பளவு கசத முக்கோணத்தின் பரப்பளவைப் போல் 4 மடங்காகும் (இங்கு 30, 7.5). இரண்டிற்கும் நடுக்கோட்டுச் சந்தி ஒன்றே. இங்கு அது (4, 4) ஆகும்.

தரப்பட்ட மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் இருந்தால் வாய்பாடு ஒரு புள்ளியைத் தரும். ஆனால் இணைகரம் அமையாது.

சாய்வு முறையுடன் ஒப்பீடு

பக்கங்களின் சாய்வுகளைக் கொண்டு இரு கோடுகளின் சமன்பாடுகளை அமைத்து, அவற்றின் வெட்டும் புள்ளியைக் கண்டும் நான்காம் முனையைப் பெறலாம். ஆனால் நிலைக்குத்துக் கோட்டிற்குச் சாய்வு வரையறுக்கப்படாததால் அதனைத் தனியாகக் கையாள வேண்டும். திசையன் முறையில் வகுத்தலே இல்லை. ஆகையால் இத்தகைய விதிவிலக்கு எழுவதில்லை. முழு எண் ஆள்கூறுகளுக்கு விடையும் முழு எண்களாகவே அமையும். முப்பரிமாண வெளியிலும் அதற்கு மேற்பட்ட பரிமாணங்களிலும் இதே வாய்பாடு மாற்றமின்றிப் பொருந்தும்.

பயன்பாடுகள்

சப்பானில் 1994ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட கியூஆர் குறியீட்டின் மூன்று மூலைகளில் மட்டுமே பெரிய சதுரக் குறிகள் உள்ளன. நான்காவது மூலையில் அத்தகைய குறி இல்லை. குறியீட்டைப் படிக்கும் மென்பொருள், வலது மேல் மூலையையும் இடது கீழ் மூலையையும் கூட்டி இடது மேல் மூலையைக் கழிப்பதன் மூலம் அவ்விடத்தை மதிப்பிடலாம். சாய்வாக எடுக்கப்பட்ட ஒளிப்படத்தில் சதுரம் சரியான இணைகரமாகத் தோன்றாது என்பதால் இம்மதிப்பு தோராயமானதே. மிகச் சிறிய வகை தவிர்ந்த ஏனைய கியூஆர் குறியீடுகளில், இதனைத் திருத்த உதவும் சிறிய சதுரக் குறியும் இடம்பெறுகிறது.

மொழிக் கணிமையிலும் இவ்வாய்பாடு பயன்படுகிறது. சொற்களைப் பல நூறு பரிமாணங்கள் கொண்ட திசையன்களாகக் குறிக்கும் முறையில், அரசன் − ஆண் + பெண் என்ற கணிப்பு அரசி என்ற சொல்லுக்கு அருகில் அமைவதை 2013ஆம் ஆண்டில் வெளியான ஆங்கிலச் சொற்கள் பற்றிய ஆய்வுகள் காட்டின. ஆண், அரசன், அரசி, பெண் ஆகிய நான்கு சொற்களும் அங்கு ஏறத்தாழ ஓர் இணைகரத்தின் முனைகளாக அமைகின்றன.