வேலை ஜெரோதாவில், மனசு அகராதியில்

ஓசூரிலிருந்து பெங்களூரு போகும் சாலையில் ஜூஜூவாடியைத் தாண்டியதும் பெயர்ப்பலகைகள் கன்னடத்துக்கு மாறிவிடும். அடுத்து வருவது அத்திபெலே. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, கட்டுப்படியாகும் வாடகைக்கு வீடு இங்கே என்று குடியேறிய தமிழர்கள் இந்தப் பக்கம் நிறைய. பேச்சுக்குச் சிரமமில்லை. மளிகைக்கடையில் தமிழும் செல்லும், தெலுங்கும் செல்லும். கரண்ட் பில்லோ நகராட்சி நோட்டீஸோ கைக்கு வந்தால்தான் முழிக்க வேண்டியிருக்கும். அந்த மாதிரி நேரத்தில் செல்போனிலேயே திறந்து பார்க்க ஓர் அகராதி இருக்கிறது: ‘அலர்’ என்ற கன்னட–ஆங்கில அகராதி.

இதைத் தொகுத்தவர் வி.கிருஷ்ணா. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தனியாளாக உழைத்துச் சேர்த்த சுமார் 1,50,000 சொற்கள், அவற்றுக்கு 2,40,000 பொருள்கள். 2019-ல் இணையத்துக்கு வந்தது. கொண்டுவந்தவர் கைலாஷ் நாத். பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதாவின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி என்றால் ஐ.டி. வட்டாரத்தில் சட்டென்று தெரியும்.

இவர் மலையாளி. லண்டன் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவு, கணினி மொழியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஜெரோதாவில் சேர்ந்தது 2013-ல். ‘ஓளம்’ என்ற மலையாள அகராதியை இணையத்தில் ஏற்றியது 2010-ல். அதாவது, பங்குச்சந்தைக்கு வருவதற்கு முன்பே அகராதிக்காரர். வேலையில் சேர்ந்த வருடமே இன்னொன்றும் செய்தார். மலேசியாவில் ‘டத்தோ’ பட்டம் பெற்ற கே.ஜே.ஜோசப் கணினியேற்றி வைத்திருந்த மலையாளம்–மலையாளம் அகராதி, 83,000-க்கும் மேற்பட்ட சொற்களுடன், இவர் மூலம் எல்லோருக்கும் திறந்த தரவாகக் கிடைத்தது.

ஆபீஸ் வேலை ஒரு பக்கம், பொழுதுபோக்கு ஒரு பக்கம் என்று இவரிடம் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒரு கோடி வாடிக்கையாளர்களைத் தாண்டிய ஜெரோதாவின் தொழில்நுட்பக் குழுவில் இருப்பவர்கள் சுமார் 30 பேர்தான். ‘கோ’ நிரல்மொழி, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் என்று பழகிய, அலட்டாத கருவிகள். லட்சக்கணக்கானோருக்கு மின்னஞ்சல் மடல் அனுப்ப இவர் எழுதிய ‘லிஸ்ட்மாங்க்’ மென்பொருளும் அதே கூட்டணிதான். ஒரே ஒரு கோப்பை இறக்கி, ஒரு தரவுத்தளத்தோடு இணைத்தால் ஓடும். ஓளமும் அலரும் ஓடும் ‘டிக்ட்பிரெஸ்’ஸுக்கும் அதே வார்ப்பு. இரண்டுமே கட்டற்ற மென்பொருள்.

எனக்குப் பிடித்தது அகராதிக்குள் இருக்கும் ஒரு சின்ன வேலைப்பாடு. கன்னடத்தில் ‘தன’ என்று ஒருவர் சொல்லக் கேட்கிறோம். மென்மையான ‘த’ போட்டு எழுதினால் மாடு. மூச்சை அழுத்திச் சொல்லும் ‘த’ போட்டால் செல்வம். நம் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். (பழந்தமிழில் மாடு என்றாலே செல்வம் என்பதால் நமக்குக் குழப்பமும் குறைவு!) அகராதியில் தேடுகிறவர் எழுத்தைத் தவறாகப் போட்டால் என்ன ஆகும்? அதற்காகவே மலையாளத்துக்கு ‘எம்எல்போன்’, கன்னடத்துக்கு ‘கேஎன்போன்’ என்று இவர் எழுதிய முறைகள் ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று ஒலிக்குறியீடுகள் தயாரிக்கின்றன. முதலாவது தாராள மனசுக்காரர். வல்லோசை, மெல்லோசை வித்தியாசமெல்லாம் பார்க்கமாட்டார். அடுத்த இரண்டும் படிப்படியாகக் கறார். அதனால் எழுத்துப்பிழையோடு வந்தவரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. ல, ள, ழ மூன்றையும் குழப்பிக்கொண்டு தேடும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இப்படி ஒன்று வேண்டியதுதான்.

நிரல் எழுதியவரைப் புகழும்போது ஒன்றை மறக்கக் கூடாது. மென்பொருளைச் சில மாதங்களில் எழுதிவிடலாம். சொற்களுக்குத்தான் நாற்பது ஆண்டு பிடித்தது. ஐ.டி. உலகம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகவே பார்க்கும்; செயலிக்குப் பாராட்டுவிழா, தரவு சேர்த்தவர் பெயர் அடிக்குறிப்பில். அலர் தளத்தில் கிருஷ்ணாதான் ஆசிரியர். பொறியாளர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஒரு கோடி பேர் பயன்படுத்தும் மென்பொருளை எழுதியவருக்கு அது சுலபமாக வரும் குணமல்ல.

பணம் இல்லாமல் இப்படிப்பட்ட வேலைகள் நெடுநாள் நிற்காது என்பதும் தெரிந்த விஷயம். 2024 அக்டோபரில் ஜெரோதா ‘ஃபிளாஸ் ஃபண்ட்’ என்ற நிதியை அறிவித்தது. கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர். உலகத்தில் எங்கிருந்தும் விண்ணப்பிக்கலாம்.

நம் பக்கம் வருவோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். இன்று சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் அதைத் தேடிப் பார்க்கலாம். ஆனால் அத்திபெலேயில் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு வேண்டியது கன்னடம்–தமிழ். அலரின் சொற்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, டிக்ட்பிரெஸ்ஸும் இலவசம். எதிரே தமிழில் பொருள் எழுத வேண்டியதுதான் பாக்கி. அதற்குத் தகுந்தவர்கள், அம்மாவிடம் தமிழும் தெருவில் கன்னடமும் பேசி வளர்ந்தவர்கள், அத்திபெலே, ஆனேக்கல், ஓசூர் வட்டாரத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் மென்பொருள் பொறியாளர்களும்கூட.